கண்ணில் சதை வளர்ச்சி: ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு பார்வை வரும்?

வாசகர் கேள்விகள், கண் மருத்துவர் பதில்கள்

இந்த மாதம் கண்ணில் சதை வளர்வது பற்றி மட்டும் நிறையக் கடிதங்கள். டாக்டர்கள் டெரிஜியம் என்று எழுதுவது இதைத்தான். கேட்டிருப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: எடுத்தால் பார்வை வருமா, எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்ல முடியாதா? அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை. இரண்டு கண்ணிலும் மூக்கு ஓரத்தில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, வலது கண் கிரேடு 3, இடது கண் கிரேடு 2 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு பார்வை வரும் என்று கேட்டால், செய்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். முன்கூட்டியே சொல்ல முடியாதா டாக்டர்?

ஓரளவு சொல்ல முடியும். கட்டு பிரித்த மறுநாள் 6/6, அதாவது குறையில்லாத பார்வை, தெரியும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் கையில் படத்தை வைத்துக்கொண்டு "செய்துவிட்டுப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் சரியில்லை, அந்தப் படத்திலேயே அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் கிரேடு. பெரும்பாலான இடங்களில் அது சதையின் தலை, அதாவது அதன் முன்முனை, கருவிழிக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைக் காட்டும் எண். வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் ஓரத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் 1, அங்கிருந்து கண்மணிக்குப் பாதி வழி வந்திருந்தால் 2, கண்மணியின் விளிம்பைத் தொட்டால் 3, அதையும் தாண்டினால் 4. ஆனால் இது ஒரு முறைதான், மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்கிற முறையும் இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் 3 என்று எழுதியது இன்னொரு இடத்தில் 2 ஆகிவிடும். அடுத்த முறை போகும்போது ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று கேட்டு, அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மாறாது.

சரி, சதை எப்படிப் பார்வையைக் கெடுக்கிறது? கண்மணியை மூடுவதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, விரித்த துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நடுவரைக்கும் சுருக்கம் வருவதுபோல, சதை கருவிழியை ஒரு பக்கம் இழுத்து அதன் வளைவை மாற்றிவிடுகிறது. சதையின் தலைக்கு முன்னால் கண்ணீர் தேங்குவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். கிடைமட்டத்தில் கருவிழி தட்டையாகும், கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாததைச் சரிசெய்யும் பவர், ஏறும். கருவிழியின் அகலம் சுமார் 12 மி.மீ., அதாவது ஆரம் 6 மி.மீ. சதை அந்த ஆரத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினாலோ, அதன் முனை பார்வை அச்சிலிருந்து 3.2 மி.மீ. தூரத்துக்குள் வந்துவிட்டாலோ சிலிண்டர் கணிசமாக ஏறுகிறது என்று 1998இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. கணக்குப் போட்டால் ஓரத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இப்படி வளைவு மாறியதால் போன பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், ஏனென்றால் இழுப்பை எடுத்துவிட்டால் கருவிழி மெல்ல மெல்லப் பழைய வளைவுக்கு வரும். திரும்பாதது தழும்பு. சதை கருவிழியின் மேல் சும்மா படுத்திருக்கவில்லை, அதன் தலை மேலடுக்குக்குக் கீழே இருக்கும் மெல்லிய படலத்தை அரித்துக்கொண்டுதான் முன்னேறுகிறது, அந்தப் படலம் மறுபடி வளராது. ஆபரேஷனில் சதையைச் சுத்தமாக உரித்து எடுத்தாலும் தலை இருந்த இடத்தில் மங்கலாக ஒரு வெண்மை தங்கும். அது ஓரத்தில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது. கண்மணிக்கு நேராக இருந்தால் அதைத் தாண்டித்தான் வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். இடது கண்ணில் பாதி வழிதான், அங்கே பார்வைக்குறைவு வளைவால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம், நல்ல பலனை எதிர்பார்க்கலாம். வலது கண்ணில் விளிம்பு வரை வந்துவிட்டது. பவர் குறையும், முன்பைவிடத் தெளிவாகத் தெரியும், ஆனால் இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிவது போன்ற தொந்தரவு கொஞ்சம் மிஞ்சலாம்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. சின்னத் துளை போட்ட மறைப்பை கண் முன்னால் வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். துளை வழியாகப் படிக்கும்போது இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரிந்தால் குறை வளைவில் இருக்கிறது, நம்பிக்கையாகப் போகலாம். ஒன்றுமே கூடவில்லை என்றால் தழும்போ, புரையோ, விழித்திரையில் வேறு ஏதாவதோ இருக்கலாம், 58 வயதில் அவற்றையும் பார்த்தாக வேண்டும், சர்க்கரை இருந்தால் கட்டாயம் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியின் மேடு பள்ளத்தை வண்ணப்படமாகக் காட்டும் டோப்போகிராபியும், சதை எவ்வளவு ஆழம் வரை ஒட்டியிருக்கிறது என்று குறுக்குவெட்டில் காட்டும் ஓசிடி ஸ்கேனும் எடுத்தால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். கருவிழியின் நடுத் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான், அதில் தழும்பு எத்தனை ஆழம் என்பதை வெறும் கண்ணால் அளக்க முடியாது.

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறேன், வயது 31. ஒரு கண்ணில் சின்னச் சதைதான், பார்வை 6/6. ஆனால் எப்போதும் சிவப்பாக, தடிப்பாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாரும் கண்ணில் என்ன என்று கேட்கிறார்கள். எடுத்துவிடலாமா? கிரேடு 1 என்பதால் திரும்ப வராது என்று தோழி சொல்கிறாள்.

தோழி இரண்டு வேறு அளவுகளைக் குழப்பிக்கொள்கிறார், இந்தக் குழப்பம் ஆஸ்பத்திரி வரவேற்பறை வரைக்கும் இருக்கிறது. சதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது பார்வை பற்றிய கணக்கு. திரும்ப வளருமா என்பதற்கு அதன் தடிப்பைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் டொனால்ட் டான் என்ற கண் மருத்துவரும் அவர் குழுவும் 1997இல் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். கேட்டால் ரொம்ப எளிது: சதைக்கு அடியில், வெள்ளை விழியின் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தால் டி1, மெலிந்து அடங்கிய சதை. பாதி மறைந்தால் டி2. ஒன்றுமே தெரியாதபடி தடித்துச் சிவந்திருந்தால் டி3. அந்த ஆய்வில் சதையை வெட்டிவிட்டு இடத்தை அப்படியே திறந்து விட்டவர்களில் 61 சதவீதம் பேருக்குத் திரும்ப வளர்ந்தது. அதுவும் சதை தடிப்பாக இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். ஆனால் மேல் இமைக்கு உள்ளே மறைந்திருக்கும் பகுதியிலிருந்து அவரவர் வெண்படலத்தையே எடுத்து அந்த இடத்தில் ஒட்டியவர்களில் 2 சதவீதம் பேருக்கு மட்டும்தான் திரும்பியது. எல்லா ஆஸ்பத்திரியிலும் 2 சதவீதமே வரும் என்று சொல்ல மாட்டேன், செய்கிறவர் கையைப் பொறுத்து மாறும், ஆனால் இரண்டு முறைகளுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவு பெரியது. செலவு குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லி ஒட்டு வைக்காமல் வெட்டுகிற இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது நீளத்தில் 1, தடிப்பில் டி3 ஆக இருக்கலாம், வயதும் குறைவு. வயது குறைந்தவர்களுக்குத் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். பார்வை 6/6 இருக்கும்போது ஆபரேஷனால் பார்வையில் லாபம் எதுவும் இல்லை, திரும்ப வளர்ந்தால் அது முதல் சதையைவிட முரட்டுத்தனமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் இப்போதைக்கு அவசரப்படாதீர்கள் என்பேன். கண்ணீர் மாதிரி இருக்கும் ஈரப்பத சொட்டு மருந்து போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே விளக்கில், அதே பெரிதாக்கத்தில் படம் எடுத்து முந்தைய படத்தோடு வைத்துப் பாருங்கள். சதை நகர்கிறது என்றால் அப்போது எடுக்கலாம். நகரவே இல்லை, ஆனால் எல்லாரும் கேட்பது மனதை வாட்டுகிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான், அதைச் சொல்லி ஆபரேஷன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒட்டு வைத்துத்தான் செய்வீர்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சதை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முன்பைவிட மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா? கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்கிறார்கள்.

மாறத்தான் செய்யும், இன்னும் மாறும். சதையின் இழுப்பு போன பிறகு கருவிழி தன் வளைவைத் திரும்பப் பிடிக்க நாளாகும். பெரிய மாற்றம் முதல் மாதத்திலேயே நடந்துவிடும், ஆனாலும் முழுக்க நிலைக்க மூன்று மாதம் வரை விடுவது நல்லது. அதுவரை பழைய கண்ணாடியும் சரியாக இருக்காது, புதிதாகச் செய்ததும் இரண்டு மாதத்தில் வீணாகும். வேலைக்கு ரொம்பச் சிரமம் என்றால் விலை குறைந்த ஃபிரேமில் தற்காலிகமாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சிவப்பு குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு, சதை திரும்புவதைத் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதே சமயம் டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அதைவிடப் பெரிய தவறு. சிலருக்கு அந்த மருந்தால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி பார்வை நரம்பையே கெடுத்துவிடும், அப்படிப் போன பார்வை திரும்ப வராது. சொன்ன தேதியில் போய் அழுத்தம் பாருங்கள். மங்கலோடு வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், சீழ் இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

திரும்ப வளர்வது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். அந்த ஓராண்டு தப்பாமல் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67. வலது கண்ணில் புரையும் இருக்கிறது, சதையும் இருக்கிறது. ஒரே தடவையில் இரண்டையும் செய்துவிட்டால் அலைச்சல் குறையும் என்று பார்க்கிறோம். செய்யலாமா?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சதை பெரிதாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன், காரணம் லென்ஸ் பவர்.

புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். சதை இழுத்துத் தட்டையாக்கி வைத்திருக்கும் கருவிழியை அளந்தால் கணக்கு கூடுதல் பவரைக் கேட்கும். லென்ஸை வைத்துவிட்டீர்கள், சதையையும் எடுத்துவிட்டீர்கள், இப்போது கருவிழி தன் வளைவுக்குத் திரும்புகிறது, வைத்த லென்ஸ் அதிகமாகிவிட்டது. அம்மாவுக்கு எதிர்பாராத மைனஸ் பவர் வந்து நிற்கும், தூரத்தில் மங்கும். லென்ஸ் உள்ளே போய்விட்ட பிறகு அதை மாற்றுவது எளிதல்ல.

அதனால் முதலில் சதை, அப்புறம் டோப்போகிராபியில் வளைவு நிலைத்துவிட்டதா என்று ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட்டு, அதன்பின் புரை. இரண்டு தடவை அலைய வேண்டும்தான். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் இருக்கிற, வளைவை அசைக்காத சதையாக இருந்தால் கதையே வேறு, அதைத் தொடாமலேயே புரையை மட்டும் எடுத்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கு எது என்பது படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒருவேளை அம்மாவுக்குக் கண் அழுத்த நோயும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் அதற்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் மேல்பக்க வெண்படலம் வேண்டியிருக்கும், அதனால் ஒட்டைக் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுப்பார்கள்.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் துறை மாணவன். போனில் கண்ணைப் படம் எடுத்தால் சதை எந்த கிரேடு, ஆபரேஷன் வேண்டுமா, பார்வை எவ்வளவு வரும் என்று ஏஐ சொல்லிவிடாதா? எங்கள் ஊரில் கண் டாக்டரே இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகவே இதை எடுத்துக்கொண்டேன். சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நாற்பது வயது தாண்டியவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தச் சதை இருந்தது, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அத்தனை பேரும் கண் ஆஸ்பத்திரி வரை வந்து போக முடியாது. யார் உடனே வர வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று ஊரிலேயே பிரித்துச் சொல்ல ஒரு படம் போதுமானால் அது பெரிய உதவி.

முதல் வேலையை, அதாவது சதை இருக்கிறதா, பெரிதா என்று கண்டுபிடிப்பதை, இயந்திரம் நன்றாகவே செய்கிறது. சிங்கப்பூரில் ஸ்லிட் லாம்ப், அதாவது கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் கருவி, அதில் எடுத்த படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு முறையைக் கையடக்கக் கேமராவில் எடுத்த படங்களிலும் சோதித்தார்கள். கருவிழிக்குள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தது, அல்லது அடிப்பக்கம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமானது, இதை டாக்டரிடம் அனுப்ப வேண்டியது என்று வைத்துக்கொண்டார்கள். மேலே முதல் பதிலில் சொன்ன கணக்கோடு இந்த 2.5 எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

பார்வை எவ்வளவு வரும் என்பது வேறு விஷயம். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் நீளம் தெரியும், அகலம் தெரியும், சிவப்பு தெரியும், அதுகூட ஃபிளாஷ் வெளிச்சம் மாறினால் மாறும். தழும்பின் ஆழம் தெரியாது. கருவிழியின் வளைவு தெரியாது. பின்னால் புரை இருக்கிறதா, விழித்திரை எப்படி இருக்கிறது, எதுவும் தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தைய படத்தை மட்டும் காட்டிப் பழக்கினால் இயந்திரம் சதையைத்தான் படிக்கும், கண்ணைப் படிக்காது. நீங்கள் இதில் வேலை செய்ய விரும்பினால் படத்தோடு துளைச் சோதனையின் முடிவு, கண்ணாடி போட்ட பார்வை, டோப்போகிராபி, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதப் பார்வை, நான்கையும் சேர்த்துச் சேகரிக்கப் பாருங்கள். அந்த மூன்றாம் மாதப் பார்வைதான் கிடைக்காது, ஏனென்றால் நன்றாகத் தெரிய ஆரம்பித்தவர்கள் திரும்ப வருவதில்லை. வேலையில் பாதி அவர்களை வரவழைப்பதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சதை மாதிரியே தெரிகிற புற்றுநோய் ஒன்று கண்ணின் மேற்பரப்பில் வரும். மேலே வெள்ளையாகப் பொருக்கு படிந்தது, கூழ் மாதிரி இருப்பது, தடித்த ரத்தக்குழாய்கள் வந்து சேர்வது, சில வாரங்களில் வேகமாக வளர்வது, மூக்கு ஓரத்தை விட்டுக் காதுப் பக்க ஓரத்தில் மட்டும் தனியாக வருவது, இதில் எது இருந்தாலும் போன் படத்தை நம்பி உட்கார வேண்டாம். சந்தேகம் இருந்தால் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: இலைச்சாறு, தாய்ப்பால், தேன் விட்டால் சதை கரையும் என்கிறார்களே?

கரையாது. எந்தச் சொட்டு மருந்தும், ஆங்கில மருந்தும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வளர்ந்த சதையைக் கரைக்காது, எரிச்சலையும் சிவப்பையும் மட்டும் குறைக்கும். சுஸ்ருத சம்ஹிதை இதை அர்மம் என்று சொல்லி, மெல்லியதற்கு மருந்து, தடித்துக் கருவிழி மேல் ஏறியதற்கு அறுவை என்று தோற்றத்தைப் பார்த்தே பிரித்திருக்கிறது. இலைச்சாறு விட்டு கருவிழியில் புண்ணாகி, சதையால் போகாத பார்வை அந்தப் புண்ணால் போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. கண்ணில் எதையும் பிழிந்து விடாதீர்கள்.

கேள்வி: நான் மீன்பிடித் தொழில் செய்கிறேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறது. இன்னொரு கண்ணில் வராமல் இருக்கவும் இது திரும்பாமல் இருக்கவும் எந்தக் கண்ணாடி போடுவது? முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் கடலுக்குப் போனேன், அப்படியும் வந்தது.

நீங்கள் போட்டது முன்பக்கம் மட்டும் மறைக்கிற கண்ணாடியாக இருந்திருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம், இந்தச் சதை பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் அதிகம் இருப்பதும் அதனால்தான். ஆனால் அது ஏன் பெரும்பாலும் மூக்கு ஓரத்திலேயே வளர்கிறது? ஆஸ்திரேலியாவில் மினாஸ் கொரோனியோ என்ற கண் மருத்துவர் 1990களில் இதற்கு விளக்கம் கொடுத்தார். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தைக் கருவிழி தானே ஒரு லென்ஸ் போலக் குவித்து எதிர்ப்பக்கம், சரியாக மூக்கு ஓரத்தில் கொண்டுபோய் விழ வைக்கிறது, அந்த இடத்தில் வெளிச்சம் 20 மடங்கு வரை கூடலாம். மூக்கின் பக்கத்திலிருந்து அப்படிச் சாய்வாக வரும் வெளிச்சத்தை மூக்கே மறைத்துவிடுவதால் காதுப் பக்க ஓரம் பெரும்பாலும் தப்பிக்கிறது.

உங்களுக்கோ மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், பக்கவாட்டில் எல்லாம் திறந்த வெளி. அதனால் கறுப்பு எவ்வளவு அடர்த்தி என்று பார்க்காதீர்கள், பக்கத்தையும் வளைத்து மூடுகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எழுதியிருக்கிற கண்ணாடியாக வாங்குங்கள், நிறமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விளிம்பு அகலமான தொப்பியும் சேர்த்துப் போடுங்கள். உப்புத்தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கும், துடைக்க உலர்ந்த துணி ஒன்றை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மங்கியதும் கழற்றி வைத்துவிடுவதால்தான் பலருக்குக் கண்ணாடி வாங்கியும் பயனில்லாமல் போகிறது.